வரப்புப் புல் ஏன் வாடவில்லை?

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகும் சாலையில், செய்யாற்றங்கரையில் இருக்கிறது மாகறல். சம்பந்தர் பதிகம் பெற்ற பழைய சிவத்தலம். சுற்றிலும் வயல், வயலைச் சுற்றி வரப்பு, வரப்பெங்கும் அருகம்புல். இந்த வட்டாரத்தில் சொந்த வீடு கட்டி, வாசலில் கொஞ்சம் இடம் மிஞ்சினால் ‘லான்’ போட வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் கூடிக்கொண்டு வருகிறார்கள். நர்சரியில் சதுர அடிக் கணக்கில் விலை பேசி, பாய்போல வெட்டிய ‘கொரியன் புல்’ வாங்கிப் பதிக்கிறார்கள். காலையும் மாலையும் குழாய் பிடித்துத் தண்ணீர் தெளிக்கிறார்கள். இருந்தும் பங்குனி முடிவதற்குள் திட்டுத் திட்டாக மஞ்சள் தட்டிவிடுகிறது. மதிலுக்கு வெளியே, யாரும் ஒரு சொட்டுத் தண்ணீர் விடாத அருகோ நுனி காய்ந்து தூசி படிந்து கிடந்தாலும் அடித்தண்டில் பச்சை மாறாமல் இருக்கிறது. தினமும் தண்ணீர் குடிப்பது வாடுகிறது, குடிக்காதது பிழைக்கிறது. இது எப்படி?

வரப்புக்கு வயல் தண்ணீர் கசியுமே என்று உடனே கேட்கலாம். நடவுக் காலத்தில் அது சரி. ஆனால் ஏரி வற்றி, வயல் வெடித்துக் கிடக்கும் வைகாசியிலும் அந்த அருகு சாவதில்லை. சாலையோரத்து ஜல்லிக்கு நடுவே முளைத்ததும் சாவதில்லை. ஆகவே விடையைக் கசிவில் தேடிப் பயனில்லை.

புல்லின் ஜாதி காரணமா?

பலர் சொல்லும் முதல் விடை, ‘அது நம்ம ஊர்ப் புல், இது வெளிநாட்டுப் புல்’ என்பது. பாதி உண்மை. வெயிலைத் தாங்கும் திறமையில் இரண்டும் ஒரே பள்ளியில் படித்தவை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. இலை உணவு தயாரிக்கக் கரியமில வாயு வேண்டும். அதற்காக இலையிலுள்ள நுண்ணிய துளைகளைத் திறந்தாக வேண்டும். திறந்தால் உள்ளிருக்கும் நீர் ஆவியாகப் போய்விடும். வெயில் ஏற ஏற இன்னொரு தொல்லையும் சேர்கிறது. கரியமில வாயுவைப் பிடிக்க வேண்டிய ரூபிஸ்கோ என்ற நொதி, சூட்டில் தடுமாறி ஆக்ஸிஜனைப் பிடித்துக்கொள்கிறது. செய்த வேலையில் ஒரு பங்கு வீணாகிறது. நெல்லுக்கு இந்த நஷ்டம் உண்டு. கரும்பு, சோளம், அருகு போன்றவை வேறொரு ஏற்பாடு செய்துகொண்டிருக்கின்றன. வாயுவை முதலில் நான்கு கரிம அணுக்கள் கொண்ட அமிலமாகக் கட்டி, இலையின் உட்புறத்து அறை ஒன்றில் செறிவாகச் சேர்த்து, அதன் பிறகே ரூபிஸ்கோவிடம் கொடுக்கின்றன. தடுமாற வாய்ப்பு மிகக் குறைவு. 1960-களில் ஆஸ்திரேலியாவில் ஹாட்ச், ஸ்லாக் என்ற இருவர் கரும்பு இலையில் இந்த வழியை விளக்கினார்கள். இவற்றை ‘நாற்கரிமத் தாவரங்கள்’ என்போம். ஒரு கிராம் எடை கூடுவதற்கு மற்றவை செலவிடும் நீரில் ஏறத்தாழப் பாதியே இவற்றுக்குப் போதும்.

நர்சரிக்காரர் கொரியன் புல் என்று விற்பது சொய்சியா இனம். அதுவும் நாற்கரிமத் தாவரம்தான். கிழக்காசிய வெப்பத்தில் வளர்ந்தது. நம் வெயில் அதற்குப் புதிதல்ல. இங்கிலாந்து, வட ஐரோப்பாவின் புல்தரைகளில் வளர்வதுதான் உண்மையில் குளிர்ப்பிரதேசப் புல். 15 முதல் 24 டிகிரி வரை அதற்குச் சுகம், 38 டிகிரியில் அது மாகறலில் ஒரு சித்திரை தாண்டாது. அதை இங்கே யாரும் விற்பதுமில்லை. ஆக, மதிலுக்கு உள்ளே இருப்பதும் வெளியே இருப்பதும் இலையளவில் சமம். வித்தியாசம் இலைக்குக் கீழே இருக்கிறது.

மண்ணுக்குள் நடப்பது

அருகைப் பிடுங்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது முழுசாக வராது. தரைமேல் ஊர்ந்து கணுவுக்குக் கணு வேர்விடும் ஓடுதண்டு ஒன்று. மண்ணுக்குள் வெள்ளையாக, கெட்டியாக ஓடும் மட்டநிலத்தண்டு இன்னொன்று. இரண்டாவதில்தான் அது மாவுச்சத்தைச் சேமிக்கிறது. மேலே ஆடு மேயலாம், தீப்பிடிக்கலாம், மூன்று மாதம் மழை இல்லாமல் போகலாம். சேமிப்பு இருக்கும்வரை கணுக்கள் உயிரோடு இருக்கும். தடையில்லாத ஆழமான மண் கிடைத்தால் வேர் ஒரு மீட்டருக்கும் கீழே இறங்கும். திருமண வாழ்த்தில் ஆலமரத்தின் தழைப்போடு அருகின் வேரைச் சேர்த்துச் சொன்னவர்கள் களையெடுத்து அலுத்த உழவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

இப்போது பதித்த புல்லைப் பாருங்கள். அது நர்சரியில் இரண்டு விரற்கடை மண்ணோடு அரிந்தெடுக்கப்பட்டது. அரியும்போதே வேரில் பெரும்பங்கு அங்கேயே போய்விட்டது. வந்து சேர்ந்த இடம் எது? வீடு கட்டியபோது விழுந்த செங்கல் துண்டு, காரைக்கட்டி, சிமென்ட் பால் இறுகிய தரை. அதன்மேல் ஒரு டிராக்டர் செம்மண் நிரவியிருக்கும். வேருக்குக் கிடைப்பது அந்தச் செம்மண் அடுக்கு மட்டும். அதுகூடப் பரவாயில்லை, மெல்ல மெல்லக் கீழே வழி தேடிக்கொள்ளும். அந்தத் தேடலைத் தடுப்பது நாம்தான். வேர் ஈரத்தை நோக்கிப் போகும் என்பது பேச்சுவழக்கு. சரியாகச் சொன்னால், ஈரமும் காற்றும் இருக்கும் மண்ணில்தான் வேரால் வளர முடியும். தினமும் மேல்மண்ணை மட்டும் நனைத்தால் வேர் மேல்மண்ணிலேயே தங்கிவிடுகிறது. மேல்மண்ணோ வெயிலில் முதலில் காய்வது, முதலில் கொதிப்பது. ஒருநாள் மின்சாரம் போய் மோட்டார் ஓடவில்லை என்றால் அன்று மாலையே புல் வாடுகிறது. வாடியதைப் பார்த்து மறுநாள் இரண்டு தடவை தெளிக்கிறோம். வேர் இன்னும் மேலே ஒண்டிக்கொள்கிறது.

ஒரு கணக்கு: ஆயிரம் சதுர அடி

சொல்வதைவிடக் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. மாகறலில் ஒரு வீட்டு வாசலில் 1,000 சதுர அடிப் புல்தரை இருப்பதாக வைத்துக்கொள்வோம். அது ஏறத்தாழ 93 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்கு நீர் நின்றால் அது சரியாக ஒரு லிட்டர். இந்த ஒரு சமன்பாடு போதும். மே மாதத்து வெயிலில், பச்சையாக வைத்திருக்கும் புல்தரை இலை வழியாகவும் மண் வழியாகவும் நாளொன்றுக்குச் சுமார் 4 மி.மீ. நீரை இழக்கும். இந்த இழப்பை நீர்ச்செலவு என்போம். 93-ஐ நான்கால் பெருக்கினால் 372 லிட்டர். ஒவ்வொரு நாளும்.

இனி குழாய்க்கு வருவோம். வீட்டு மோட்டாரில் மாட்டிய தோட்டக் குழாயில் நிமிடத்துக்கு 20 லிட்டர் வருவதாகக் கொண்டால், காலையும் மாலையுமாக ஐந்து நிமிடம் பிடித்தால் 100 லிட்டர். மொத்த இடத்துக்கும் பரப்பினால் ஒரு மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். தரை கறுத்து, மண்வாசனை வந்து, கண்ணுக்கு நன்றாக நனைந்ததுபோலத்தான் தெரியும். காய்ந்த வண்டல் மண்ணில் இந்த ஒரு மில்லிமீட்டர் நனைக்கும் ஆழம் ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை. அதிலும் ஒரு பங்கு இலையிலும், புல்லடியில் தேங்கிய சருகுப்படலத்திலும் ஒட்டிக்கொண்டு உச்சிவேளைக்குள் ஆவியாகிவிடும். செலவு நான்கு, வரவு ஒன்று. அந்த ஒன்றும் வேருக்குப் போய்ச் சேரவில்லை. தினமும் தண்ணீர் விட்டும் புல் மஞ்சளாவதன் ரகசியம் இவ்வளவுதான்.

தேவையான தண்ணீரை வேறு மாதிரி கொடுத்தால்? வாரத்துக்கு வேண்டியது 28 மி.மீ. அதை இரண்டு தவணையாக, ஒவ்வொன்றும் 14 மி.மீ. என்று விடுவோம். அப்போது வண்டலில் ஈரம் ஒன்பது, பத்து சென்டிமீட்டருக்கு இறங்கும். அடுத்த தவணை வரும்வரை மேல்மண் காயும், அடிமண் காயாது. வேருக்கு வளர இடம் கீழேதான் என்று ஆகிவிடும். செய்யாற்றுப் பக்கத்து மணற்பாங்கான நிலமானால் அதே தண்ணீர் இன்னும் ஆழமாக இறங்கும், ஆனால் மணலால் பிடித்துவைக்க முடியாது. அங்கே மூன்று நாளைக்கு ஒருமுறை விட வேண்டியிருக்கும். ஏரிப் பாசனப் பகுதியின் களிமண்ணில் வாரத்துக்கு ஒருமுறையே போதும். ஆனால் ஒரேயடியாக விட்டால் வழிந்து தெருவுக்குப் போகும், அரைமணி இடைவெளி விட்டு இரண்டு மூன்று முறையாக விட வேண்டும்.

எத்தனை மில்லிமீட்டர் விட்டோம் என்று எப்படித் தெரியும்? பக்கவாட்டு நேராக உள்ள எவர்சில்வர் டப்பா மூன்று நான்கை, சாய்வான டம்ளர் வேண்டாம், புல்தரையில் அங்கங்கே வையுங்கள். தண்ணீர் விட்டு முடித்ததும் பள்ளிக்கூட ஸ்கேலை உள்ளே நிறுத்திப் பார்த்தால் விடை அதிலேயே இருக்கும். ஒரு டப்பாவில் இருபதும் இன்னொன்றில் ஐந்தும் இருந்தால், திட்டுத் திட்டாக மஞ்சளானது ஏன் என்பதும் கூடவே தெரிந்துவிடும். மறுநாள் காலை ஒரு நீளத் திருப்புளியை மண்ணில் செருகிப் பாருங்கள். ஈரம் இறங்கிய ஆழம்வரை அது சிரமமில்லாமல் போகும், பிறகு முட்டும்.

இந்தக் கணக்கு இன்னொன்றையும் காட்டுகிறது. ஜல் ஜீவன் திட்டம் கிராமத்தில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு வைத்திருக்கும் அளவு 55 லிட்டர். நம் புல்தரை குடிக்கும் 372 லிட்டர், கிட்டத்தட்ட ஏழு பேரின் பங்கு. சொந்தக் கிணறு, சொந்த ஆழ்துளை என்று சொல்லலாம். கிணறு சொந்தமாக இருக்கலாம், ஊற்று ஊருக்குப் பொது. புல்தரை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதன் பரப்பைத்தான் குறைக்கச் சொல்கிறேன். குழந்தைகள் உருள, மாலையில் நாற்காலி போட 250 சதுர அடி தாராளம். அதன் செலவு 93 லிட்டர். நால்வர் உள்ள வீட்டில் குளித்த தண்ணீரே அதைவிட அதிகம் வரும். பழைய வீடுகளில் கிணற்றடித் தண்ணீர் வாழைக்கும் சேம்புக்கும் போனது வெறும் பழக்கத்தால் வந்ததல்ல. சோப்புத் தண்ணீரை வாழைக்கும் கல்வாழைக்கும் அனுப்பிவிட்டு, அவற்றுக்கு விட்டுக்கொண்டிருந்த நல்ல தண்ணீரைப் புல்லுக்குத் திருப்புவதுதான் சரியான வழி. சோப்பு நீரை நேரே புல்மேல் தெளிப்பது கூடாது.

லண்டனைவிட அதிக மழை

காஞ்சிபுரம் வறண்ட ஊர் என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. லண்டனில் ஆண்டுக்குப் பெய்யும் மழை சுமார் 600 மி.மீ. காஞ்சி வட்டாரத்தில் சுமார் 1,100 முதல் 1,200 மி.மீ. புல்தரைக்குப் பேர்போன நாட்டின் தலைநகரைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஆனால் அங்கே மழை மாதாமாதம் சிறுகச் சிறுக விழுகிறது, வெயில் அதை உறிஞ்சுவதில்லை. இங்கே பாதிக்கு மேல் ஐப்பசியை ஒட்டிய மூன்றே மாதங்களில் கொட்டித் தீர்க்கிறது. மாசி தொடங்கி வெயில் வசூலிக்கத் தொடங்குகிறது. ஆண்டு முழுக்கப் பச்சை என்ற எதிர்பார்ப்பு அந்த நாட்டு மழையோடு பிறந்தது. நம் மழைக்கு ஏற்றது ஏரி. கொட்டும்போது பிடித்துவைத்து, பிறகு அளந்து விடுவது. மாகறல் வழியாகப் போகும் அதே சாலை சென்று சேரும் உத்திரமேரூரில், முதலாம் பராந்தகன் காலத்தில், ஏறத்தாழ கி.பி. 921-இல் வெட்டிய கல்வெட்டு குடவோலைத் தேர்தலுக்காகப் புகழ்பெற்றது. அதில் தேர்ந்தெடுத்தவர்களைப் பிரிக்கும் வாரியங்களில் ஒன்று தோட்ட வாரியம், பன்னிரண்டு பேர். இன்னொன்று ஏரி வாரியம், ஆறு பேர். ஆண்டு வாரியத்துக்கு, முன்பே தோட்டமும் ஏரியும் பார்த்தவர்களை எடுக்கச் சொல்கிறது அந்த விதி. தோட்டம் வைக்கத் தெரிந்தவருக்குத் தண்ணீர்க் கணக்கு தெரியும் என்று சபையார் நம்பியிருக்கிறார்கள். இன்று அந்த நம்பிக்கையை நம்மேல் வைக்க முடியுமா என்பது வேறு விஷயம்.

வெட்டும் இயந்திரமும் வேரும்

புல்வெட்டும் இயந்திரத்துக்கும் நெசவுக்கும் ஓர் உறவு உண்டு. பட்டுத்தறி ஊருக்குப் பக்கத்தில் வாழ்கிறவர்கள் தெரிந்துகொள்ளத்தக்கது. இங்கிலாந்தின் ஸ்ட்ரௌட் பகுதி கம்பளி ஆலைகளில், நெய்த துணியின் மேலெழும் பஞ்சுநுனிகளைச் சீராகக் கத்தரிக்க உருளைக்கத்தி இயந்திரம் ஒன்று இருந்தது. எட்வின் பட்டிங் என்பவர் அதே ஏற்பாட்டைச் சக்கரத்தில் ஏற்றிப் புல்லுக்குக் கொண்டுவந்து, 1830-இல் காப்புரிமை வாங்கினார். துணியை எவ்வளவு ஒட்ட வெட்டினாலும் துணிக்கு நஷ்டமில்லை. புல் உயிருள்ளது.

ஒட்ட வெட்டினால் கீழே என்ன ஆகிறது என்பதை அமெரிக்க வேளாண் துறையின் ஃபிராங்க்ளின் கிரைடர் அளந்து 1955-இல் வெளியிட்டார். இலையில் நாற்பது விழுக்காடுவரை வெட்டினால் வேர் வளர்ச்சி நிற்பதில்லை. பாதியும் அதற்கு மேலும் வெட்டினால் வேர் வளர்வது நின்றுபோகிறது, வெட்ட வெட்ட நிற்கும் நாட்களும் கூடுகின்றன. காரணம் புரிந்துகொள்ளக்கூடியது: இலைதான் சமையலறை, அது போனால் இருக்கும் மாவுச்சத்தெல்லாம் புது இலைக்கே போகும், வேருக்கு மிச்சமிராது. ஒரு தடவைக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டாதே என்ற தோட்டக்கார விதி இதனோடு ஒத்துப்போகிறது. பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது புல்லையும் மொட்டையடித்துவிட்டு, பங்குனி வெயிலுக்கு வேரில்லாமல் நிற்கவைப்பது நம்மிடம் சர்வ சாதாரணம். கோடையில் புல் இரண்டு அங்குலம் இருக்கட்டும். வெட்டிய துணுக்கு மெல்லியதாக இருந்தால் அங்கேயே கிடக்கட்டும். அதிலுள்ள தழைச்சத்து சில வாரங்களில் மண்ணுக்கே திரும்பும், யூரியாச் செலவு குறையும்.

மறுப்புகள்

இந்த வெயிலில் மூன்று நாள் தண்ணீர் விடாமல் இருந்தால் புல் செத்துவிடாதா? மேல்மண்ணிலேயே வேர் வைத்துப் பழகிய புல் சாகும்தான். அதனால் பழக்கத்தைக் கோடையில் மாற்றக் கூடாது. மழை முடிந்து ஈரம் ஆழத்தில் இருக்கும் தை மாதத்தில் தொடங்கி, இடைவெளியை ஒவ்வொரு நாளாக நீட்ட வேண்டும். எப்போது தண்ணீர் விடுவது என்பதைக் காலண்டரைவிடப் புல் நன்றாகச் சொல்லும். நடந்து போன தடம் எழும்பாமல் அப்படியே படிந்து கிடந்தால், இலை நீளவாக்கில் மடிந்து பச்சையில் சாம்பல் நிறம் கலந்தால், அன்று விடலாம். அதற்கு முந்தின நாள் தேவையில்லை. முழுக்கப் பழுத்துப்போன இடத்தைக்கூடச் செத்ததென்று கொத்திவிட வேண்டாம். ஒரு பிடி பிடித்து இழுங்கள். கையோடு வந்துவிட்டால் போயிற்று. பிடிவாதமாக நின்றால் அது உறங்குகிறது, முதல் கோடைமழைக்கு எழுந்துவிடும்.

புல்தரை வீட்டைக் குளிர்விக்கிறதே, அதற்கு விலை கொடுக்கக் கூடாதா என்பது கனமான கேள்வி. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக, ஒரு யூனிட் மின்சாரத்தில் மூன்றில் இரண்டு பங்கு அளவு வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். 372 லிட்டர் என்றால் ஏறத்தாழ 250 யூனிட். சிறிய விஷயமல்ல. ஆனால் அந்தக் குளிர்ச்சி காற்றோடு போய்விடுகிறது. சுவரில் விழும் வெயிலைப் புல் மறிக்காது. மேற்குப் பக்கத்தில் ஒரு வேம்போ புங்கமோ இருந்தால் அதே வேலையோடு நிழலும் சேர்கிறது. ஆழவேர் போட்டபின் தண்ணீரும் கேட்பதில்லை. மாகறல் தலபுராணம்கூட நாளுக்கொரு பழம் தந்த பலா மரத்தைத்தான் கொண்டாடுகிறது. மரத்தடியில் அருகு வராது என்பது உண்மை, அதற்கு முழு வெயில் வேண்டும். அங்கே புல்லோடு மல்லுக்கட்டாமல் சருகை விட்டுவைத்து, ஓரத்தில் பகுதி நிழல் தாங்கும் ஓமவல்லியை வைப்பது புத்திசாலித்தனம்.

பூச்சி பொட்டு, பாம்பு பயம் வேண்டாம், சிமென்ட் போட்டுவிடலாமே என்றால், வெயிலை வாங்கி இரவில் திருப்பித் தரும் தரையை வாசலில் வைத்துக்கொள்கிறோம். ஐப்பசி மழையும் மண்ணுக்குள் போகாது. 2003 முதல் தமிழ்நாட்டில் கட்டடங்களுக்கு மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயம். கூரைத் தண்ணீரைக் குழியில் இறக்கிவிட்டு, வாசல் தண்ணீரைச் சிமென்ட் வழியாகத் தெருவுக்கு அனுப்புவதில் என்ன நியாயம்? குட்டையாக வெட்டி வைத்த புல்லில் பாம்பு ஒளிய இடமுமில்லை.

எந்தப் புல்?

இலையளவில் சமம் என்றாலும் தேர்வு அருகு பக்கமே சாய்கிறது. சொய்சியா மெத்தென்று இருக்கும், ஆனால் மெதுவாக வளரும். ஒரு திட்டு போனால் மூடிக்கொள்ள மாதங்கள் ஆகும். அருகு வாரங்களில் மூடும். உலகம் இதைப் புரிந்துகொண்டு நாளாகிறது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து டிஃப்டனில் கிளென் பர்ட்டன் தேர்ந்தெடுத்து வளர்த்த, அருகும் அதன் ஆப்பிரிக்க உறவான இன்னொரு புல்லும் கலந்த டிஃப்வே என்ற ரகம் 1960-இல் வெளிவந்தது. பல நாட்டுக் கோல்ஃப் மைதானங்களும் விளையாட்டுத் திடல்களும் இன்றும் அதன்மேல் நிற்கின்றன. அங்கே காசு கொடுத்து வளர்ப்பதன் பெற்றோரில் ஒன்றை இங்கே கூலி கொடுத்துப் பிடுங்குகிறோம். ஒரு குறை உண்டு, மறைக்க வேண்டாம்: பக்கத்துக் கத்தரிப் பாத்திக்குள் கேட்காமல் நுழையும். புல்தரைக்கும் காய்கறிக்கும் நடுவே ஒரு முழ ஆழத்துக்குச் செங்கல்லோ கடப்பைக் கல்லோ புதைத்துவிட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

ஆவணியில் இடத்தைக் கொத்தி, கட்டடக் கழிவைப் பொறுக்கி எறிந்து, மக்கிய எருவைக் கலந்து வையுங்கள். புரட்டாசியில் வரப்போரத்து அருகின் ஓடுதண்டை இரண்டு மூன்று கணு உள்ளதாக நறுக்கி, அரை அடிக்கு ஒன்றாக நடுங்கள். மிச்ச வேலையை ஐப்பசி மழை பார்த்துக்கொள்ளும். தை பிறந்ததும் குழாயை எடுக்குமுன் அந்த எவர்சில்வர் டப்பாக்களை எடுத்து வையுங்கள்.